அரிவாளுக்கு நூறு விதை

காட்டுக் காவலுக்கு நின்ற இரண்டு வருஷத்தில் மூன்று தடவை அடி வாங்கினேன். ஒரு தடவை வெட்டு. வெட்டு இடது தோளில். இன்றைக்கும் அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்கினால் பாதியில் நின்றுகொள்ளும். மூன்றாவது அடியில் முன்பல் இரண்டு போயிற்று. முதல் அடியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கள்ளுக்கு நடந்த சண்டை.

காடு என்றால் மலைக்காடு இல்லை. தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில், ஆற்றுத் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் குழம்பிக் கிடக்கிற சேற்றில் நிற்கும் கண்டல் காடு. புத்தகங்களில் அலையாத்திக் காடு என்று எழுதுகிறார்கள். நாசரேத்தில் விடுதியில் தங்கி எட்டாவது படித்தேன். அந்தப் பாடம் நடத்துவதற்கு முன்பே சுவரேறிக் குதித்து வந்துவிட்டேன் போலிருக்கிறது. அதன் பிறகு உப்பளம், லாரியில் கிளீனர், துறைமுகத்தில் நிலக்கரி, கோவில்பட்டிப் பக்கம் கரிமூட்டம். கரிமூட்டத்தில் மூன்று வருஷம் ஊர் மாறி ஊர் போய் மரத்தை வெட்டி வெட்டி எரித்தவனுக்குக் காட்டுக் காவல் கிடைத்தது என்றால் சிரிப்பார்கள். எனக்கே அது தற்செயல்தான். விறகு ஏற்றிய வள்ளத்தில் ஒரு நாள் கூலிக்கு அந்த ஊருக்குப் போனேன். போன இடத்தில் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஊர், கடற்கரை ஊர். மாதா கோயில் மணி அடித்தால் எல்லோரும் கூடுகிற வேதக்கார ஊர். சுற்றிலும் உப்பளங்கள் கரை கட்டியதில் காட்டுக்குள் ஏறி இறங்கிய தண்ணீர் நின்றுபோய், மரம் பட்டு, இறால் இல்லாமல், நண்டு இல்லாமல், கடைசியில் கடல் கரையோர வீடுகளைத் தொட ஆரம்பித்த பிறகு, வனத்துறையும் ஊரும் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டிருந்தன. காட்டைப் பார்த்துக்கொள்வது ஊரின் பொறுப்பு. காய்ந்த விறகு, நண்டு, மட்டி எல்லாம் ஊருக்கு. கமிட்டித் தலைவர் வாலிபத்தில் தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வந்தவர். காற்றுக்கு எதிராகக் கத்திப் பழகிய தொண்டை. என்னை நிற்க வைத்துக் கூட்டத்தில் சொன்னார்:

“இவன் அசலூர்க்காரன். இவனுக்கு இங்கன மச்சானும் கெடையாது, மாமனும் கெடையாது. எவன் வெட்டினாலும் பிடிப்பான்.”

பிடித்தேன். கமிட்டியின் முறை எளிமையானது. பச்சை மரத்தில் கை வைக்கக்கூடாது. காய்ந்தது வாரத்தில் ஒரு நாள், வீட்டுக்கு ஒரு தலைச்சுமை. பச்சையை வெட்டியவரின் அரிவாளைப் பிடுங்கிக் கமிட்டிக் கொட்டகையின் குறுக்குச் சட்டத்தில் தொங்கவிட்டுவிடுவேன். அரிவாள் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர் கூடி நிற்கும்போது வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்டவர் தன் கையால் நூறு விதை சேற்றில் ஊன்ற வேண்டும். விதை முருங்கைக்காய் போல நீளமாக இருக்கும், முனையைச் சேற்றில் குத்தினால் போதும். ஊன்றிய விதையை அதன்பிறகு யாரும் தொடக்கூடாது, ஊன்றியவரும்கூட. தொட்டால் அந்த வீட்டு வள்ளம் ஒரு மாசம் தண்ணீரில் இறங்காது. இந்தக் கடைசி முறையை மட்டும் நான் இருந்த காலத்தில் யாரும் மீறவில்லை. அந்த ஊரில் வள்ளத்தைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்து வைப்பது சாவு வீட்டுக்குச் சமம்.

தலைவரின் மனைவியே ஒரு தடவை மாட்டினார். குசினிப் புகைக்கூண்டுக்கு முட்டுக் கொடுக்க ஒரு கவட்டைக் கம்பு வெட்டிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று, “தலைவரே, எஞ்சாமானத் தாங்க. மீன் அரிய வேண்டியிருக்கு. இல்லன்னா ஒங்களுக்குத்தான் சாப்பாடு கெடையாது” என்றார். ஊரே சிரித்தது. மறுநாள் முழங்கால் சேற்றில் இறங்கி நூறும் நட்டார். கரையில் நின்று ஐம்பது பேர் சிரித்துக்கொண்டே எண்ணினார்கள்.

அப்படித்தான் அந்தக் காடு திரும்பி வந்தது. மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டித் தண்ணீரை உள்ளே விட்டார்கள், வெட்டியவர்களையே நட வைத்தார்கள். நான் பார்த்தவற்றில் ஒழுங்காக நடந்த ஒரே காரியம் அது. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் பிறகு நடந்ததைச் சொல்ல முடியும்.

காட்டுக்கு மேற்கே, இரண்டு கல் தள்ளி, மாடு வளர்க்கிறவர்களின் சின்னக் குடியிருப்பு ஒன்று இருந்தது. அங்கிருந்து ஒருவர் பதினொரு மாடுகளை ஓட்டிக்கொண்டு வருவார். ஐம்பது வயது இருக்கும். தலையில் எப்போதும் ஈரத் துண்டு. அவர் மேய்த்த புறம்போக்கு உப்பளமாகிவிட்டது, மிச்சம் இறால் குட்டையாகிவிட்டது. ஆடியும் ஆவணியும் காற்று ஊதி ஊதி நிலத்தில் ஒரு புல் நிற்காது. அந்த இரண்டு மாசம் கண்டல் இலைதான் மாடுகளுக்கு உயிர். அவர் அப்பா காலத்திலிருந்து அப்படி. கமிட்டி போட வந்த அதிகாரிகள் படகில் கடற்கரைக்கு வந்து இறங்கினார்கள். கையெழுத்து வாங்கினார்கள், படகிலேயே திரும்பினார்கள். மேற்கே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. அதனால் பட்டியலில் அந்தக் குடியிருப்பு இல்லை.

முதல் வருஷம் அவரைத் தடுத்தபோது என்னிடம் சண்டை போடவில்லை. கரையில் குத்த வைத்து உட்கார்ந்து பேசினார்.

“ரெண்டு மாசம் தம்பி. மேக்க ஓரத்துல பெரிய மரத்துப் பக்கம் மட்டும் விடுதேன். குட்டிச் செடிப் பக்கம் ஒரு மாடு போனா என் காத அறுத்துக்க.”

அந்த ஓரத்தில் மரங்கள் மாட்டின் வாய்க்கு மேலே வளர்ந்தவை. தாழ்ந்த கிளையைக் கடித்தால் மரம் சாகாது. நான் கமிட்டியில் சொன்னேன். தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவனுக்குத் திறந்தால் நாளைக்கு ஐந்து ஊர் மாடு வரும், வருஷா வருஷம் வந்து செடி எண்ணுகிற அதிகாரி ஒரு சாணியைப் பார்த்தால்கூட எழுதிக்கொண்டு போய்விடுவார் என்றார். அது பொய்யில்லை. அந்த அதிகாரிகள் காட்டைப் பார்க்க வருவதில்லை, வரிசையில் எத்தனை நிற்கிறது என்று எண்ணத்தான் வருகிறார்கள்.

மாட்டுக்காரருக்கு வேண்டியது அந்த மேற்கு ஓரத்து வழி மட்டும். கிடைக்கவில்லை. அந்த வருஷம் திருட்டுத்தனமாக மேய்த்தார். விடியலில் வருவார், நான் விசில் ஊதுவேன், ஓட்டிக்கொண்டு போவார், வேறு பக்கம் வருவார். குட்டிச் செடிகள் இரண்டு வரிசை போயிற்று.

இரண்டாவது வருஷம் ஆனி மாசம் வேலி போடுவது என்று முடிவாயிற்று. முள்கம்பி உப்புக் காற்றில் ஒரு வருஷம் தாங்காது. தலைவர்தான் சொன்னார், வீட்டுக்கு ஒரு பழைய வலை கொடுங்கள் என்று. ஊரில் வலைக்கா பஞ்சம். கிழிந்த நைலான் வலை ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் மலையாகக் கிடந்தது. சவுக்குக் கம்பு ஊன்றி, மேற்கு ஓரம் முழுக்க வலையைக் கட்டினோம். பெண்கள் கிழிசலைத் தைத்துக் கொடுத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மீன்காரர்களுக்குத் தோன்றக்கூடிய வேலி அது. வலையில் மீன் மாட்டினால் என்னாகும் என்று அவர்களுக்குத் தெரியும். மாடு மாட்டினால் என்னாகும் என்று தெரியாது.

எனக்குத் தெரியும். கேரளாவுக்கு மாடு ஏற்றிப் போன லாரியில் ஒரு வருஷம் இருந்திருக்கிறேன். கயிற்றில் கால் சிக்கிய மாடு பின்னால் இழுக்காது, முன்னால் பாயும், விழும், விழுந்தால் எழுந்திருக்காமல் சுற்றிக்கொள்ளும். கம்பு ஊன்றும்போதே இதை நினைத்தேன். சொல்லவில்லை. கொட்டகையில் படுக்க இடம் இருந்தது. முறை வைத்து மூன்று வேளையும் ஒவ்வொரு வீட்டுச் சாப்பாடு வந்தது. என் ஆயுசில் ஒரே இடத்தில் இரண்டாவது வருஷம் இருந்தது அங்கேதான். அதைக் கெடுத்துக்கொள்ள மனசில்லை.

ஆடி அமாவாசைக்குக் காலையில் தண்ணீர் வழக்கத்தைவிட ஒரு சாண் கூடுதலாக ஏறும். அன்று மாட்டுக்காரர் ஸ்ரீவைகுண்டத்துக்கு ஏதோ சாவுக்குப் போயிருந்தார். மாடுகளை அவர் மனைவி ஓட்டி வந்தார். பழகிய தடம். தண்ணீருக்குள் அரைப்பாகம் முங்கியிருந்த வலை மாடுகளின் கண்ணுக்குத் தெரியவில்லை.

கத்தல் கேட்டு நான் போய்ச் சேரும்போது நான்கு மாடுகள் வலைக்குள் கிடந்தன. இரண்டு செத்துவிட்டன. எங்கள் பக்கத்தில் கடல் தண்ணீர் ஏறுகிற ஏத்தம் பெரிதல்ல. நிற்கிற மனிதனுக்கு இடுப்புகூட நனையாது. ஆனால் பக்கவாட்டில் விழுந்த மாட்டின் மூக்கு முங்க அது போதும். அந்த அம்மாவிடம் கத்தி இல்லை. வலையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். உதடெல்லாம் கிழிந்து ரத்தம். சினை மாடு ஒன்று தலையைத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டது. நான் அதன் கழுத்து வலையை அறுத்து முடிப்பதற்குள் மூச்சு நின்றது. நான்காவது தப்பியது. பின்னங்கால் முறிந்திருந்தது, அதைப் பிறகு அறுக்கத்தான் வேண்டியிருந்தது.

அந்த அம்மா எழுந்து கம்பால் என்னை அடித்தார். முதுகில், தலையில், காதில். கை ஓயும் வரை அடித்தார். நான் நகரவில்லை. முதலில் சொல்லாமல் விட்ட இரண்டாவது அடி இதுதான். வாங்கியதிலேயே நியாயமான அடி.

ஊரில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலர், மாட்டை யார் வரச் சொன்னது என்றார்கள். தலைவர் அன்று சத்தம் குறைவாகத்தான் பேசினார். ஆனாலும் வலையைக் கழற்றச் சொல்லவில்லை, கொஞ்சம் உயர்த்திக் கட்டச் சொன்னார். உயர்த்திக் கட்டினேன்.

மூன்றாம் நாள் வத்தத்தில், தண்ணீர் நன்றாக இறங்கிய நேரம் பார்த்து, மாட்டுக்காரர் அரிவாளோடு வந்தார். முதலில் வலையை அறுத்தார். பிறகு செடிகளைச் சீவ ஆரம்பித்தார். இரண்டு வருஷத்துச் செடிகள், முழங்கால் உயரம். புல் அறுப்பது போலக் குனிந்து, அவசரமில்லாமல் அறுத்துக்கொண்டே போனார். நான் விசிலை ஊதிக்கொண்டே சேற்றில் ஓடினேன். சேற்றில் ஓடுவது என்று சொல்வதே தவறு. ஒரு காலைப் பிடுங்கி இன்னொரு காலைப் புதைப்பதுதான்.

“கிட்ட வராத தம்பி” என்றார். நான் கிட்டப் போய் அவர் கையைப் பிடித்தேன். மற்றக் கையால் என் முகத்தில் சேற்றை அப்பினார். கண் தெரியாமல் கட்டிப் பிடித்தேன். இருவரும் விழுந்தோம். எழுந்திருக்கப் போனபோது அரிவாள் என் தோளில் இறங்கியது. வலி தெரியவில்லை, கை கனத்துப் போனதுதான் தெரிந்தது. அவர் கழுத்தைப் பிடித்துத் தலையைச் சேற்றுக்குள் அமுக்கினேன். குமிழி வந்தது. குமிழியைப் பார்த்துக்கொண்டேதான் அமுக்கினேன். கையில் இன்னும் கொஞ்சம் பலம் இருந்திருந்தால் அவர் அங்கேயே போயிருப்பார். விட்டது இரக்கத்தால் இல்லை, ரத்தம் போனதால்.

என்கூடக் காவலுக்கு நின்றவன், உள்ளூர்க்காரன், அகலமான ஆள். அவன் வள்ளத்திலிருந்து துடுப்பை எடுத்துக்கொண்டு வந்தான். அவர் எழுந்து உட்கார்ந்து வாயிலிருந்த சேற்றைத் துப்பிக்கொண்டிருந்தார். அரிவாள் பிடித்த வலது கையின் மேல் துடுப்பை இறக்கினான். முழங்கைக்குக் கீழே எலும்பு வெளியே வந்தது. பின்னால் ஆறேழு பேர் வந்தார்கள். மிதித்தார்கள். யார் எங்கே மிதித்தார்கள் என்று நான் சொல்ல முடியாது, எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அறுந்த வலையாலேயே அவரைச் சுற்றி, வேலிக் கம்போடு உட்கார்ந்த வாக்கில் கட்டினார்கள். அந்தக் காவல்காரன் போனை எடுத்துப் படம் பிடித்தான்.

என்னை ஊருக்குத் தூக்கி வந்தார்கள். தலைவர் வீட்டு வாசலில் படுக்க வைத்து, அவர் மனைவி லேஞ்சித் துணியை மடித்துத் தோளில் அழுத்திக் கட்டினார். ஆட்டோவுக்குச் சொல்லியிருந்தது. ஆளாளுக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கீழே வாய்க்காலில் தண்ணீர் நிறம் மாறியது கண்ணில் பட்டது. வத்தம் முடிந்து ஏத்தம் ஆரம்பித்தால் கலங்கல் ஓரமாக ஒரு நுரைக்கோடு வரும்.

“அவர அவுத்து விட்டாச்சா?” என்று கேட்டேன்.

ஒருவன் இன்னொருவனைப் பார்த்தான். அவன் அவிழ்த்திருப்பான் என்று இவன், இவன் அவிழ்த்திருப்பான் என்று அவன். கொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. அதை நான் எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். ஆனால் எழுந்து போகவும் யாரும் நினைக்கவில்லை. நின்றால் இடுப்பு நனையாது, உட்கார்ந்தால் கழுத்து முங்கும். இது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

நான் எழுந்தேன். தலைவரின் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டு கூட வந்தார். மாட்டுக்காரருடைய அரிவாளையும் கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டிருந்தார்கள், அதை எடுத்துக்கொண்டோம். போய்ச் சேரும்போது அவர் முகவாயைத் தூக்கி வைத்திருந்தார். சின்ன அலை வந்தால் வாய்க்குள் போயிற்று. காறிக் காறித் துப்பினார். நான் ஒரு கையால் தண்ணீருக்குள் தடவித் தடவி வலையை அறுத்தேன். நைலான் ஈரத்தில் வழுக்கும். தலைவரின் மனைவி அவர் தலையைத் தன் கையில் தாங்கிக்கொண்டு நின்றார். அறுத்து முடித்ததும் மாட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

“அன்னைக்கும் நீ பிந்தித்தான் வந்த.”

ஒரே ஆட்டோவில் இரண்டு பேரும் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். சேற்றில் வழுக்கி விழுந்தோம் என்று இருவருமே சொன்னோம். டாக்டர் என் தோளைப் பார்த்தார், அவர் கையைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் எழுதினார். செடி வெட்டிய வழக்கு வேண்டாம் என்று அவர் வாயை மூடினார். ஆளைக் கட்டிப்போட்ட வழக்கு வேண்டாம் என்று ஊர் வாயை மூடியது. போனில் எடுத்த படத்தைத் தலைவர் அழிக்கச் சொன்னார். அழித்தான் என்று சொன்னார்கள்.

தையல் பிரித்து நான் திரும்பி வந்து செய்த முதல் வேலை, அந்த அரிவாளைக் குறுக்குச் சட்டத்தில் தொங்கவிட்டது. பிடியில் நைலான் நூல் சுற்றியிருந்தது, எடுக்கவில்லை. முறை என்றால் முறை.

மாசி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் கொட்டகை முன்னால் நிற்கும்போது மாட்டுக்காரரும் மனைவியும் வந்தார்கள். வலது கை வளைந்து ஒட்டியிருந்தது, விரல்கள் மடங்காது. ஆஸ்பத்திரிக்கும் வயிற்றுக்குமாக மாடுகளை விற்று விற்று மூன்றுதான் மிச்சம் என்று கேள்விப்பட்டிருந்தேன். கூட்டம் தானாக விலகியது. அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“எஞ்சாமான் ஒண்ணு இங்கன தொங்குது. நூறு நட்டாத் தருவியன்னு சொன்னாவ. நடுதேன்.”

தலைவர் மெதுவாகத்தான் சொன்னார், அது ஊராளுக்குள் இருக்கிற முறை, உமக்கு இல்லை என்று.

“வெட்டுனது இந்த ஊர்க் காட்டத்தான அண்ணாச்சி. அப்ப தண்டனையும் இந்த ஊர்த் தண்டனதான எனக்கு.”

அவர் எதைக் கேட்கிறார் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்தது. நட்டவன் காட்டுக்கு உரியவன். அந்த ஊரில் அப்படித்தான் நடைமுறை, எழுதி வைக்கவில்லை என்றாலும். காவல்காரன்தான் அதை உடைத்துச் சொன்னான்:

“இன்னைக்கு நூறு நடுவான், ஆடியில மாட்ட ஓட்டிக்கிட்டு வருவான்.”

“வருவேன்” என்றார்.

தலைவர் முடியாது என்றார். உனக்கு முறை ஸ்டேஷன், இங்கே இல்லை என்றார். அவர் துண்டைத் திரும்பத் தலையில் கட்டிக்கொண்டு போனார். ஒரு கையால் கட்ட முடியவில்லை. மனைவி முடிச்சுப் போட்டார்.

விதைக்கூடை என் பொறுப்பில் இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். யோசிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை வத்தத்தில் இரண்டு பேரும் மேற்குக் கரையில் வந்து சும்மா நின்றார்கள். நான் கொட்டகைக்குப் போய் நூறு விதையை எண்ணிச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். எண்ணும்போது எதையும் நினைத்ததாக ஞாபகம் இல்லை.

இடது கையால் நட்டார். அவர் வெட்டிய அதே இடம், அடிக்கட்டைகள் இன்னும் கறுப்பாக நின்றன. மனைவி கயிறு பிடித்து வரிசை காட்டினார். நான் கை கொடுக்கவில்லை. தன் கையால் நட வேண்டும் என்பது முறை. மேற்கு ஓரத்தில் மாடு நடக்கிற அகலத்துக்கு இடம் விட்டு நட்டார். அதையும் பார்த்தேன்.

எழுபது தாண்டியிருக்கும்போது காவல்காரனும் ஊர் ஆட்கள் சிலரும் வந்தார்கள். அவரைத் தொடவில்லை. என்னைத்தான் அடித்தார்கள். கூலிக்கு வந்தவன் காட்டைத் தூக்கிக் கொடுக்கிறானா என்று கேட்டு, காவல்காரன் துடுப்பின் பிடியை என் வாயில் இடித்தான். பல் தொண்டைக்குள் போய்த் துப்பினேன். இடுப்பில் மிதித்தார்கள், தையல் போட்ட தோளைப் பார்த்து மிதித்தார்கள். நான் சேற்றில் கிடந்தபடி பார்த்தது இது: அவர் நிமிரவே இல்லை. ஒரு விதை, ஒரு எட்டு, ஒரு விதை. குத்திக்கொண்டே போனார்.

காவல்காரன் என்னை விட்டுவிட்டு அந்த வரிசைக்குப் போனான். குனிந்து ஒரு விதையின் தலையைப் பிடித்தான். பிடித்தபடி நின்றான். அவன் வள்ளம் அப்போதுதான் புது இஞ்சின் மாட்டித் தண்ணீரில் நின்றது. மற்றவர்கள் அவன் கையையே பார்த்தார்கள். பிடுங்கு என்று ஒருவனும் சொல்லவில்லை. கையை எடுத்துச் சாரத்தில் துடைத்துக்கொண்டான்.

அப்போதுதான் தலைவரின் மனைவி கரையில் வந்து நிற்பதைப் பார்த்தேன். கையில் நைலான் நூல் சுற்றிய அரிவாள். கொட்டகையிலிருந்து அவரே எடுத்து வந்திருக்கிறார்.

“எண்பத்தி ஒண்ணு” என்று சத்தமாக எண்ணினார். “எண்பத்தி ரெண்டு. ஏம்லே, நான் நட்டப்ப எல்லாரும் கூடி நின்னு எண்ணுனிய. இப்ப வாய் அடைச்சுப் போச்சோ?”

யாரும் கூட எண்ணவில்லை. போகவும் இல்லை. தலைவரின் மனைவி ஒருவரே நூறு வரை எண்ணி, அரிவாளைக் கரையில் வைத்துவிட்டுப் போனார். தலைவர் பிறகு அவரை என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. என்னை மதியத்துக்குள் போகச் சொல்லிவிட்டார்கள். பையில் வைக்க இரண்டு கைலியும் ஒரு விசிலும்தான் இருந்தன. விசிலைக் கொட்டகையில் வைத்துவிட்டேன்.

திருச்செந்தூரில் ஒரு லாட்ஜில் தண்ணீர் தூக்கிக்கொண்டிருந்தேன். ஆடி பிறந்து ஒரு வாரம் கழித்து, வேலையைச் சொல்லாமல் போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். ஊருக்குள் போகவில்லை. மேற்கே இறங்கி உப்பளக் கரையோடு நடந்தேன்.

வலை வேலி நின்றது. பெரிய மரங்களின் பக்கம் இரண்டு கம்புகளுக்கு நடுவே மட்டும் வலை இல்லை. யார் அவிழ்த்தது என்று தெரியவில்லை. பழைய இடத்தில் காவல்காரன் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான். விசில் அவன் கழுத்தில் கிடந்தது, ஊதவில்லை. திறப்புக்கு உள்ளே அவருடைய மூன்று மாடுகள் மேய்ந்தன. விலா எலும்பை எண்ணலாம். மூன்றுக்குத்தான் அந்த வழி கிடைத்திருந்தது, பதினொன்றுக்கு இல்லை.

அவர் நிழலில் குத்த வைத்திருந்தார். என் வாயைப் பார்த்தார்.

“பல்லு கட்டலியா?”

“இல்ல அண்ணாச்சி.”

“அறுபத்தி மூணு நிக்குது” என்றார், கையால் செடிகளைக் காட்டி. “நூத்துக்கு அறுபத்தி மூணு. தலைவர் வீட்டம்மா நட்டது நாப்பதுதான் தேறுச்சாம்.”

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு மாடு வழியை விட்டுச் செடிப் பக்கம் கழுத்தை நீட்டியது. அவர் சட்டென்று ஒரு சேற்றுக் கட்டியை எடுத்து இடது கையால் எறிந்தார். தள்ளிப் போய் விழுந்தது. எழுந்து ஓடினார். மாட்டின் மூக்கில் மடங்காத கையாலேயே ஓங்கி அடித்தார். மாடு மிரண்டு பின்வாங்கியது. அதற்குள் ஒரு குருத்து அதன் வாய்க்குள் போய்விட்டது.

அவர் குனிந்து மொட்டைக் குச்சியைப் பார்த்தார். பிறகு காவல்காரன் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“அறுபத்தி ரெண்டு.”